டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் ஒரு டவுன் ஹவுஸ். 8 வருடப் பழைய மின்சார டிரையர். டிரம் ஒழுங்காகச் சுற்றுகிறது, உள்விளக்கு எரிகிறது. ஆனால் ஒரு மணி நேரம் ஓடி முடித்தும் துணி போட்டபடியே ஈரமாக, சில்லென்று இருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் பின்தகட்டைக்கூடக் கழற்றாமல், "எலிமென்ட் போயிருக்கும்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாற்றுவதா, புதிதாகவே வாங்கிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எலிமென்ட், அதாவது காற்றைச் சூடாக்குகிற கம்பிச்சுருள், போயிருக்கலாம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாடி பிடிக்காமலே மருந்து எழுதினால் எப்படி? 15 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சூடு வரவில்லை என்று கூப்பிட்ட எத்தனையோ வீடுகளில், டிரையரின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். சுவரிலிருந்து வருகிற மின்சாரம், சுவருக்குள் போகிற காற்றுக்குழாய், இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் டிரையருக்குள் கை வைக்க வேண்டும்.

முதலில் சூடு சுத்தமாக இல்லையா, இருந்தும் போதவில்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். டிரம்மைக் காலி செய்துவிட்டு, நேரம் குறித்து ஓட்டுகிற டைம்ட் டிரை சுற்றில், அதிகச் சூட்டில் வைத்து 5 நிமிடம் ஓட்டுங்கள். ஆட்டோ சுற்று வேண்டாம். காலி டிரம்மில் ஈரமே இல்லாததால் துணி காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து அது சீக்கிரமே நின்றுவிடும். 5 நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஒரு வழி, வெதுவெதுப்பாக இருந்தால் வேறு வழி. நல்ல சூடாகவே இருந்தால் டிரையர் மேல் பழியே இல்லை. வாஷர் சரியாகப் பிழியாமல் சொட்டச் சொட்டத் துணியைக் கொடுத்தால் டிரையர் என்ன செய்யும்? சூட்டுக் குமிழ், சூடில்லாமல் காற்று மட்டும் அடிக்கிற ஏர் ஃபிளஃப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். வீட்டில் 3 வயதுக் குழந்தை இருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஜில் வகை. அப்படியானால் மின்சாரத்தில் தொடங்குவோம்.

இந்த ஊர் வீட்டுக்குள் வருகிற மின்சாரம், நம் ஊர் வீடுகளில் இருப்பது போல ஒரு கம்பியில் 230 வோல்ட் என்ற கணக்கில் வருவதில்லை. தலைக்கு 120 வோல்ட்டாக இரண்டு கம்பிகள், கூட ஒரு நியூட்ரல். ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 240. டிரையர் இரண்டையும் பயன்படுத்துகிறது. மோட்டாரும் விளக்கும் டைமரும் ஒரே கம்பியை வைத்துக்கொண்டு 120 வோல்ட்டில் ஓடிவிடும். எலிமென்ட்டுக்கு மட்டும் இரண்டு கம்பியும் வேண்டும். ஆகவே மோட்டாருக்குப் போகாத அந்த இன்னொரு கம்பி எங்காவது அறுபட்டால், டிரம் ஜாம் ஜாமென்று சுற்றும், விளக்கு எரியும், சூடு மட்டும் துளிகூட வராது. நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறி அச்சு அசலாக இதுதான். எலிமென்ட் அறுந்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால்தான் எல்லாரும் எலிமென்ட் மேலேயே பாய்கிறார்கள்.

வீட்டின் மின்சாரப் பேனலைத் திறந்தால் டிரையர் என்று எழுதிய 30 ஆம்பியர் பிரேக்கர் (மின்சாரம் மிஞ்சினால் தானே விழுகிற சுவிட்ச்) இருக்கும். இரண்டு பிரேக்கர்களை ஒட்டி ஒரே கைப்பிடி போட்டது மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பாதி மட்டும் விழுந்து, வெளியே கைப்பிடி நேராக நிற்பதும் உண்டு. பார்த்துவிட்டு 'ஆனில்தானே இருக்கிறது' என்று மூடிவிடாதீர்கள். முழுக்க ஆஃப் பக்கம், டக் என்று சத்தம் கேட்கும்வரை தள்ளி, பிறகு ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியாகிப்போன வீடுகள் உண்டு. ஆனால் ஆன் செய்ததும் திரும்ப விழுந்தால் விட்டுவிட வேண்டும். அங்கே வேறு கோளாறு இருக்கிறது, எலக்ட்ரீஷியன் வேலை.

பிரேக்கர் நன்றாக இருந்தால் அடுத்து, பிரேக்கரை ஆஃபில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். எலிமென்ட் கிட்டத்தட்ட 5,400 வாட். அதாவது எரிகிற நேரமெல்லாம் 22 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வழியில் ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும். பிளக்கின் ஒரு பல் மட்டும் கருத்திருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, கருகல் வாடை அடிக்கிறதா? டிரையரின் பின்னால், வயர் உள்ளே நுழையும் இடத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் மூன்று திருகுகள் வரிசையாகத் தெரியும். ஓரத்து இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஓரத்துத் திருகு ஒன்று மட்டும் பழுப்பேறி, சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் பொரிந்திருந்தால் ஆளைப் பிடித்தாகிவிட்டது. நடுவில் இருப்பது நியூட்ரல்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. உயரமான கட்டடங்கள் பலவற்றில் வீட்டுக்கு வருவது 240 இல்லை, 208 வோல்ட். மூன்று ஃபேஸ் இணைப்பிலிருந்து இரண்டை எடுத்துத் தருவார்கள். வோல்ட் 13 சதவீதம்தான் குறைவு, ஆனால் சூடு அதன் வர்க்கக் கணக்கில் குறையும். 240ல் 5,400 வாட் தருகிற எலிமென்ட் 208ல் 4,050 வாட்தான் தரும், அதாவது முக்கால் பங்கு. தனி வீட்டிலிருந்து கட்டடத்துக்குக் குடிபோனவர்கள் அதே டிரையரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, 'லாரியில் ஏற்றும்போது எதையோ உடைத்துவிட்டார்கள்' என்று சொல்வார்கள். எதுவும் உடையவில்லை. அங்கே துணி காய அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

சரி, இப்போது காற்று. சூடு இருந்தும் துணி காயவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. சூடு சுத்தமாக நின்றுபோன கேஸிலும் பல சமயம் மூலகாரணம் இதுதான். அதனால் உங்களுடையது ஜில் வகை என்றாலும் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

டிரையரின் வேலை துணியைச் சுடவைப்பது மட்டும் என்று நினைக்கிறோம். மொட்டை மாடிக் கொடியை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியில் வெயிலடித்தாலும் காற்று இல்லாவிட்டால் துணி காய்வதில்லையே. ஒரு லோடுக்குள் இருக்கிற இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் காற்றுதான் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். குழாய் அடைத்தால் ஈரக்காற்று உள்ளேயே சுற்றும். எலிமென்ட்டைக் குளிர்விக்கவும் காற்று வராது. எலிமென்ட் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகும். அதில் ஒட்டியிருக்கிற ஹை லிமிட் தெர்மோஸ்டாட் பதறிப்போய் மின்சாரத்தை வெட்டும். ஆறியதும் மறுபடி விடும், மறுபடி வெட்டும். ஒரு மணி நேரச் சுற்றில் எலிமென்ட் உண்மையில் எரிவது கொஞ்ச நேரம்தான். இப்படியே சில மாதம் போனால், ஒருநாள் அதற்குப் பக்கத்தில் இருக்கிற தெர்மல் கட் ஆஃப் ஒரேயடியாக அறுந்துவிடும். அது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், ஆறினாலும் ஒட்டாது. அன்றைக்குத்தான் நமக்கு 'திடீரென்று' சூடு நின்றுபோனதாகத் தெரியும். போன மாதம் வரை ஒரு சுற்றில் காய்ந்த துணிக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம், தீபாவளி சமயத்திலிருந்தே அப்படித்தான்' என்று பதில் வந்தால் கதை புரிந்துவிடும்.

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது. இரண்டு வருடத்தில் மூன்று கட் ஆஃப் மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வந்து, அறுந்த பாகத்தைக் காட்டி, புதிதைப் போட்டு, காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் போனது பிப்ரவரியில். டிரையரை ஓடவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வெளிச்சுவரில் இருக்கிற மூடியின் தகடுகள் காற்றடிக்கும்போது தூக்கி நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் லேசாக அசைந்தது. கையை வைத்தால் குழந்தை ஊதுகிற அளவுக்குத்தான் காற்று. மூடியைக் கழற்றினேன். உள்ளே யாரோ கம்பிவலை மாட்டியிருந்தார்கள், குருவி கூடு கட்டக் கூடாது என்று. குருவி வரவில்லை, பஞ்சு வந்து வலையில் கம்பளம் மாதிரி படிந்துவிட்டது. விரலால் உரித்தபோது ஒரே துண்டாக, சாம்பல் நிறத்தில், அடை கனத்துக்கு வந்தது. அதை எடுத்துப் போட்ட கணமே மூன்று தகடும் படபடவென்று தூக்கிக்கொண்டன. வெளிமூடியில் வலை போடக் கூடாது என்பது கட்டட விதியிலேயே இருக்கிறது. அந்த வீட்டில் மாற்ற வேண்டியிருந்த பாகம் அந்த வலை ஒன்றுதான். அதற்கப்புறம் அங்கே கட் ஆஃப் போகவில்லை.

குழாயையும் பாருங்கள். 4 அங்குல விட்டமுள்ள, விறைப்பான உலோகக் குழாய்தான் நல்லது. அலுமினியத் தாளை மடித்த மாதிரி இருக்கிற வளையும் குழாய் மலிவு, ஆனால் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்றைக்கே கழற்றி எறிந்துவிடுங்கள், அது எரியும். பல மாநிலங்கள் பின்பற்றுகிற குடியிருப்புக் கட்டட விதிநூல், தயாரிப்பாளர் வேறு அளவு தராவிட்டால் குழாயின் மொத்த நீளம் 35 அடிக்குள் இருக்கச் சொல்கிறது. 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். நான்கு வளைவு இருந்தால் மிச்சம் 15 அடிதான். டவுன் ஹவுஸில் வாஷரும் டிரையரும் மாடியில், வீட்டின் நட்டநடுவில் இருக்கும். குழாய் தளத்து உத்தரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து எங்கோ போகும். உங்கள் வீட்டில் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுப் பருத்தித் துண்டும் லுங்கியும் வேறு பஞ்சை அள்ளிக் கொட்டுகிற ரகம். இதெல்லாம் வெறும் துணி காய்கிற பிரச்சினை இல்லை. அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான காலத்துக்குச் செய்த கணக்கில் வீட்டு டிரையர்களில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். சுத்தம் செய்யாமல் விட்டதுதான் அதில் முதல் காரணம், 34 சதவீதம்.

காற்றுதான் குற்றவாளியா என்று உறுதி செய்ய ஒரு சுருக்குவழி உண்டு. சூடு கொஞ்சமாவது வருகிற மின்சார டிரையர் என்றால், பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு லோடு ஓட்டிப் பாருங்கள். அறை பூராவும் ஈரமும் பஞ்சும் ஆகும், பரவாயில்லை. குழாய் இல்லாதபோது துணி நன்றாகக் காய்ந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. கேஸ் டிரையரில் இதைச் செய்யவே கூடாது. எரிந்த புகை வீட்டுக்குள் வரும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

பஞ்சைப் பிடிக்கிற லின்ட் ஃபில்டரைத் தினமும் சுத்தம் செய்கிறேன் என்பீர்கள். நம்புகிறேன். அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடனே கீழே இறங்காமல் வலைமேல் தேங்கினால், துணி மென்மையாக இருக்க உள்ளே போடுகிற டிரையர் ஷீட்டின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் அப்பியிருக்கிறது. பழைய டூத் பிரஷும் பாத்திர சோப்பும் போதும். அதே மெழுகு டிரம்முக்குள் இருக்கிற இரண்டு உலோகப் பட்டைகளிலும் படியும். அவைதான் துணியின் ஈரத்தை உணர்பவை. மெழுகு படிந்தால் துணியில் ஈரம் இருப்பதே தெரியாமல் ஆட்டோ சுற்று பாதியில் நின்றுவிடும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் தீர்ந்தது.

மின்சாரமும் காற்றும் சரியாக இருந்து இன்னும் ஜில்லென்றே இருந்தால்தான் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு. பிரேக்கரை ஆஃப் செய்தேன், அது போதும் என்று நினைக்க வேண்டாம். 240 வோல்ட் இரண்டாவது வாய்ப்புத் தராது.

மீட்டரை ஓம் அளவில் குறைந்த நிலைக்கு வையுங்கள். எந்தப் பாகத்தை அளந்தாலும் அதிலிருந்து ஒரு வயரையாவது உருவிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றி வந்து மீட்டர் பொய் சொல்லும். எலிமென்ட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 8 முதல் 12 ஓம் வரை காட்டினால் அது நல்ல எலிமென்ட். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது, அப்போது வந்த மெக்கானிக்கின் வாய்க்குச் சர்க்கரை போடலாம். சில மாடல்களில் இரண்டு சுருள்கள் இருக்கும். ஒன்று மட்டும் அறுந்தால் பாதிச் சூடு வரும். இது காற்று அடைப்பு மாதிரியே ஏமாற்றும்.

எலிமென்ட் பெட்டியின் மேல் பொத்தான் மாதிரி ஒட்டியிருப்பவை கட் ஆஃபும் ஹை லிமிட்டும். காற்றாடி இருக்கும் கூட்டின் மேல் இருப்பவை தெர்மல் ஃபியூஸும், வழக்கமான சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும். ஆறியிருக்கும்போது இவை எல்லாமே சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சில கம்பெனிகளின் டிரையரில் அந்த ஃபியூஸ் போனால் மோட்டாரே ஓடாது, சிலவற்றில் சூடு மட்டும் நிற்கும். புது ரகங்களில் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் தெர்மிஸ்டர் இருக்கும். அது பெரும்பாலும் சாதாரண அறைச் சூட்டில் 10,000 ஓமை ஒட்டிக் காட்டும், கையில் பொத்திப் பிடித்தால் ஓம் மெல்ல இறங்கும். இறங்காமல் அப்படியே நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

கட் ஆஃப் அறுந்திருந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். பக்கத்து ஹை லிமிட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது ஒழுங்காக வெட்டியிருந்தால் கட் ஆஃப் வரை சூடு போயிருக்காது. அதனால்தான் பல மாடல்களுக்கு இரண்டையும் ஒரே பொட்டலத்தில் விற்கிறார்கள். ஒரு துண்டு வயரைப் போட்டு கட் ஆஃபை இணைத்துவிட்டு 'ஓடுகிறதே' என்று விடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அது வீட்டைக் கொளுத்துகிற வேலை.

எல்லாப் பாகமும் நன்றாகக் காட்டியும் சூடு வரவில்லை என்றால், மோட்டாரின் மேலேயே ஒட்டியிருக்கிற சுவிட்சை மறந்திருப்பீர்கள். மோட்டார் வேகம் பிடித்த பிறகுதான் எலிமென்ட்டுக்கு மின்சாரம் போகும்படி அது வைக்கப்பட்டிருக்கிறது. டிரம் நிற்கும்போது எலிமென்ட் எரிந்துவிடக் கூடாதல்லவா. அதன் தொடுமுனை கருகினால் மோட்டார் ஓடும், சூடு வராது. அதற்கும் அப்பால் டைமரின் தொடுமுனை அல்லது மின்னணு போர்டில் இருக்கும் ரிலே என்கிற சுவிட்ச். போர்டை நான் கடைசியில்தான் சந்தேகப்படுவேன், விலையும் அதிகம், வாங்கிப் போட்டுச் சரியாகாவிட்டால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

ஒரே ஒரு வினோதமான கேஸ். சூடு நிற்கவே மாட்டேன் என்கிறது, சூடில்லாத சுற்றில் வைத்தாலும் துணி பொரிகிறது என்றார் ஒருவர். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் எலிமென்ட் சுருள் அறுந்து, தொங்கிய முனை பெட்டித் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட் ஒரு கம்பியை வெட்டினாலும், மறு கம்பியிலிருந்து வருகிற 120 வோல்ட் தகடு வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதனால் எலிமென்ட்டை அளக்கும்போது முனைக்கும் பெட்டித் தகட்டுக்கும் நடுவிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அங்கே மீட்டர் எதையுமே காட்டக் கூடாது.

கேஸ் டிரையர்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. கீழே இருக்கிற சின்னத் துவாரம் வழியாகப் பாருங்கள். தீ மூட்டுகிற இக்னைட்டர் சிவப்பாக ஒளிரவே இல்லை என்றால் இக்னைட்டர், ஃபியூஸ், தீயை உணர்கிற ஃப்ளேம் சென்சார் மூன்றில் ஒன்று. ஒளிர்ந்து, தீ பிடிக்காமல் அணைந்தால், கேஸ் வால்வைத் திறக்க அதன் மேல் இருக்கிற காயில்கள். முதல் லோடு நன்றாகக் காய்ந்து, இரண்டாவது லோடில் சூடு காணாமல் போனாலும் பெரும்பாலும் அந்தக் காயில்கள்தான், சூடேறியதும் பலமிழக்கும். கேஸ் வாடை அடித்தால் எதையும் பார்க்க வேண்டாம், வெளியே போய் கம்பெனிக்கு போன் செய்யுங்கள். ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுழற்றுகிற ஹீட் பம்ப் டிரையர் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன குழாய்க்கதை எதுவும் பொருந்தாது. அது இயல்பாகவே மிதமான சூட்டில் அதிக நேரம் ஓடும். வெளியே குழாய் இல்லாததால் அதன் ஃபில்டர்களிலும் உள்ளே இருக்கிற தகடுகளிலும்தான் பஞ்சு சேரும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்று மாலை பிரேக்கரை முழுக்க ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அதன் பிறகு டிரையரை ஓடவிட்டு வெளிச்சுவர் மூடியில் கை வைத்துக் காற்றைப் பாருங்கள். அதற்கும் சூடு வராவிட்டால், வேறு ஆளைக் கூப்பிட்டு, "எலிமென்ட் எத்தனை ஓம் காட்டுகிறது, கட் ஆஃப் அறுந்திருக்கிறதா, இரண்டையும் மீட்டரில் எனக்குக் காட்டுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீட்டரைக் காட்டத் தயங்குகிறவருக்குக் காசு தர வேண்டியதில்லை. 8 வருடம் ஒரு டிரையருக்குப் பெரிய வயசில்லை. மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது என்றால் எலிமென்ட் மாற்றியே ஓட்டலாம்.

எல்லாம் முடிந்து டிரையரைச் சுவரோடு திரும்பத் தள்ளும்போது ஒருவரைப் பக்கவாட்டில் டார்ச்சோடு நிற்கவையுங்கள். கடைசி இரண்டு அங்குலம் தள்ளும்போதுதான் பின்னால் குழாய் நசுங்கும்.